ஈரமில்லாக் கணக்கு: பழைய விஞ்ஞானப் புனைகதைகளில் பெண்

1

விஞ்ஞானப் புனைகதை எதை வேண்டுமானாலும் மாற்றலாம். புவியீர்ப்பை இல்லாமல் ஆக்கலாம், காலத்தை மடித்துவைக்கலாம், வெள்ளிக் கிரகத்தில் சதுப்புக்காடு வளர்க்கலாம், மனித மூளையைக் குடுவைக்குள் வைத்து நூறாண்டு உயிரோடு பேசவைக்கலாம். இவ்வளவையும் மாற்றத் துணிந்த ஓர் இலக்கிய வகை, அமெரிக்கப் பத்திரிகைகளில் அது கொடிகட்டிப் பறந்த காலம் முழுவதும், பெரும்பாலும் ஒன்றை மட்டும் தொடாமலே விட்டுவைத்தது: வீட்டில் காப்பி போடுவது யார் என்பதை. சமையலறையில் இயந்திரம் வந்துவிடும். இயந்திரத்தின் பொத்தானை அழுத்த அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். “அந்தக் காலம் அப்படி சார். அம்பதுகள்ல எழுதினவன்கிட்ட போய் பெண்ணியம் எங்கேன்னு கேட்டா எப்படி?” நண்பர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்விதான். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் ‘அந்தக் காலம் அப்படி’ என்பது ஒரு மனிதாபிமானச் சலுகை மட்டுமல்ல, ஒரு வரலாற்றுக் கூற்றும்கூட. வரலாற்றுக் கூற்று என்றால் அதைச் சோதித்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அந்தக் காலம் என்று சொல்லும்போது அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களில் யாரையெல்லாம் கணக்கில் சேர்க்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்? இந்தக் கட்டுரையின் அக்கறை இதுதான். பழைய எழுத்தாளர்களைக் கூண்டில் ஏற்றித் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. அவர்களை மன்னிப்பதற்கு நாம் பயன்படுத்தும் வாக்கியம் வேறு சிலரைக் காணாமல் அடிக்கிறது என்பதைக் காட்டுவதே நோக்கம்.

தொடக்கத்திலிருந்தே வருவோம். 1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்குகிறார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை என்று இதைச் சொல்வது வழக்கம். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு போட்டி: அட்டைப்படத்துக்கு ஏற்ற கதை எழுதவேண்டும். மூன்றாம் பரிசு கிளேர் விங்கர் ஹாரிஸ் என்ற பெண்ணுக்கு. 1927 ஜூனில் கதையை வெளியிடும்போது கெர்ன்ஸ்பேக் அதற்கு ஒரு முன்குறிப்பு எழுதுகிறார். ஒரு பெண் பரிசு வாங்கியது தனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, பொதுவாகப் பெண்களுக்கு விஞ்ஞானத்தில் கல்வியும் நாட்டமும் குறைவு, ஆகவே இந்த வகைக் கதைகளை அவர்கள் நன்றாக எழுதுவதில்லை என்பது அதன் சாரம். பாராட்டத்தான் எழுதினார். பாராட்டும்போதே கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையை மாட்டிவிட்டார். கல்விக்கூடங்கள் பெண்களை வெளியே நிறுத்தியதன் விளைவு இங்கே பெண்களின் இயல்பாக வாசிக்கப்படுகிறது. விளைவைக் காரணமாக்கும் இந்தத் தலைகீழ் தர்க்கம் அடுத்த நாற்பதாண்டுக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும்.

பத்தாண்டு கழித்து, 1938–39-ல், ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு பதின்வயதுப் பையன் எழுதுகிறான்: விஞ்ஞானக் கதையில் பெண்கள் எதற்கு, அவர்கள் வந்தாலே காதல் வந்துவிடும், கதை கெட்டுவிடும். பெயர் ஐசக் அசிமோவ். பெண் வாசகர்கள் அவருக்குப் பதில் எழுதினார்கள். இந்தக் கடிதச் சண்டையில் நான் கவனிக்கும் விஷயம் ஒன்றுண்டு. பெண் என்றால் காதல், காதல் என்றால் பெண் என்ற சமன்பாட்டைப் பையன் எங்கும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவேண்டிய தேவை இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. சமன்பாடுகள் இப்படித்தான் சிறப்பாக வேலை செய்கின்றன.

2

சமன்பாடு என்றதும் ஒரு கதைக்குப் போயாகவேண்டும். டாம் காட்வின் எழுதி 1954 ஆகஸ்டு ‘அஸ்டவுண்டிங்’கில் வந்த ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’. தமிழில் ‘ஈரமில்லாக் கணக்கு’ என்று சொல்லிக்கொள்ளலாம். விஞ்ஞானப் புனைகதை வாசகர்களில் இதைப் படிக்காதவர்கள் குறைவு, படித்து மறந்தவர்கள் அதைவிடக் குறைவு.

ஒரு தொலைதூரக் கிரகத்தில் ஆறு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து கொண்டுபோகிறது ஒரு சிறிய அவசரக் கலம். எரிபொருள் துல்லியமாக அளந்து நிரப்பப்பட்டிருக்கிறது: ஓட்டுபவர் ஒருவர், மருந்து, அவ்வளவுதான். கூடுதல் எடை இருந்தால் தரையிறங்கும்போது எரிபொருள் போதாது, கலம் நொறுங்கும். சாமான் அறையில் யாரோ ஒளிந்திருப்பதை ஓட்டுநர் பார்ட்டன் கண்டுபிடிக்கிறார். திருட்டுப் பயணிகளை உடனே வெளியே தள்ளவேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியோடு கதவைத் திறந்தால் உள்ளே பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, மர்லின். பத்தாண்டாகப் பார்க்காத அண்ணனைப் பார்க்க ஏறிவிட்டாள். பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கிடைக்கிறது. பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறாள், வானொலியில் அண்ணனோடு பேசுகிறாள். பிறகு தானே காற்றறைக்குள் போகிறாள். கதவு திறக்கிறது.

இந்தக் கதை ஒரு கடுமையான உண்மையைச் சொல்வதாகப் புகழ்பெற்றது: பிரபஞ்சத்துக்கு இரக்கம் கிடையாது, இயற்பியல் விதிக்கு ஆண் பெண் என்ற பேதமில்லை, நம் உணர்ச்சிகள் அதற்குப் பொருட்டில்லை. சரி. ஆனால் பிரதியைக் கொஞ்சம் நெருங்கி வாசித்தால் விதிக்குப் பேதமில்லாவிட்டாலும் கதைக்கு இருக்கிறது. ஒளிந்திருந்தவன் ஆணாக இருந்திருந்தால் பார்ட்டன் தயங்கியிருக்கமாட்டார் என்று கதையே சொல்கிறது. அப்படியானால் ஓர் ஆண் வெளியே தள்ளப்பட்டிருந்தால் இது கதையே ஆகியிருக்காது. கதை நடப்பதற்கு ஒரு பெண் தேவை. அவள் இளையவளாக, அறியாதவளாக, செருப்பும் சுருள்முடியும் வருணிக்கத் தக்கவளாக இருக்கவும் வேண்டும். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர் பார்ட்டன். அவள் சாவின் வழியாக ஞானம் அடைபவரும் பார்ட்டன்தான், அவர் தோளுக்குப் பின்னால் நின்று நாமும் அடைகிறோம்.

இன்னொன்று. இந்தக் கணக்கைப் போட்டது யார்? கலத்தில் கொஞ்சம்கூட மிகை எரிபொருள் வைக்காதது இயற்பியலா, நிர்வாகமா? கிளம்பும் முன் சாமான் அறையைத் திறந்து பார்க்க ஓர் ஆள் இல்லையா? ஏறினால் சாவு நிச்சயம் என்னும் கலத்தின் வாசலில் ஒரு பூட்டு இல்லை. அனுமதியில்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று ஒரு பலகை மட்டும். நம் ஊரில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி மூடாமல் விட்டுப்போகிறவன்கூட விதியைக் குறை சொல்லத்தான் பார்ப்பான். ஆங்கில வாசகர்கள் பலர் இந்தக் கேள்விகளை ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது: மனிதர்கள் எடுத்த முடிவுகளின் மேல் ‘இயற்கை’ என்ற வெள்ளையடிப்பு நடக்கிறது. பெண்ணைப் பற்றிய சமூக விதிகளுக்கு வழக்கமாக நடக்கும் வெள்ளையடிப்பும் இதுவேதான். ஆகவே இக்கதையில் பலியாவது ஒரு பெண்ணாக இருப்பது தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தற்செயல் இல்லை என்பதற்குக் கதைக்கு வெளியேயும் சான்று உண்டு. ‘அஸ்டவுண்டிங்’ ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் இந்தக் கதையை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். காரணம், காட்வின் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்து அந்தப் பெண்ணைப் பிழைக்கவைத்துவிட்டார். அதாவது வழிகள் இருந்திருக்கின்றன! எழுதியவருக்கே குறைந்தது மூன்று வழிகள் தெரிந்திருந்தன. வேறு வழியே இல்லை என்பது பிரபஞ்சத்தின் விதியாக இருப்பதற்கு முன் ஆசிரியர் மேசையின் விதியாக இருந்தது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே வேறொன்றும் நினைவுக்கு வரலாம். தொல்காப்பிய அகத்திணையியல் தலைவன் பொருள் தேடிப் பிரிவதைப் பேசும் இடத்தில், கடல் கடந்து போகும் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்கிறது. ராக்கெட் யுகத்தின் கதைசொல்லிகளும் தம்மை அறியாமல் இதே விதியைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைவன் விண்ணில், தலைவி முல்லைத்திணையில். ஏறத் துணிந்தவளுக்குக் காற்றறை.

3

நிஜமான கணக்குகளை அந்த ஆண்டுகளில் யார் போட்டுக்கொண்டிருந்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தபோது கதை எனக்கு வேறுவிதமாகத் தெரியத் தொடங்கியது.

வர்ஜீனியாவில் லாங்லி ஆய்வுக்கூடத்தில் 1935-லிருந்தே பெண்கள் ‘கம்ப்யூட்டர்’களாக வேலை பார்த்தார்கள். அந்தச் சொல் அப்போது இயந்திரத்தைக் குறிக்கவில்லை, கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. அங்கே கறுப்பினப் பெண்களுக்குத் தனிப் பிரிவு, தனி மேசை, தனிக் கழிப்பறை. அந்தப் பிரிவுக்கு 1949-லிருந்து டாரதி வான் தலைமை ஏற்றிருந்தார். 1953-ல் கேத்தரின் ஜான்ஸன் அங்கே சேர்கிறார். மர்லின் காற்றறைக்குள் போவதற்கு ஓராண்டு முன்னால்! கலம் எவ்வளவு எடை தாங்கும், எந்தப் பாதையில் போகும், எங்கே இறங்கும் என்ற ஈரமில்லாக் கணக்குகளை நிஜத்தில் பென்சிலும் கணக்கு இயந்திரமும் வைத்துக்கொண்டு போட்டவர்கள் பெண்கள். 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்பும் முன், மின்னணுக் கணிப்பொறி கொடுத்த எண்களைக் கேத்தரின் ஜான்ஸன் கையால் ஒருமுறை சரிபார்க்கவேண்டும் என்று கேட்டார்.

அதே கிளென், அதே 1962 ஜூலையில், பெண்களை விண்வெளிக்கு அனுப்பலாமா என்று ஆராய்ந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, இந்தத் துறையில் பெண்கள் இல்லாதிருப்பது நம் சமூக ஒழுங்கின் ஓர் உண்மை என்ற பொருள்படச் சொன்னார். விண்வெளி வீரர்களுக்கான மருத்துவச் சோதனைகளில் தேறியிருந்த ஜெர்ரி காப் என்ற பெண் விமானி அந்த விசாரணையில் சாட்சியம் சொன்னவர். விமானியாகவே இருந்தார், விண்ணுக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் சோவியத் பெண் வாலென்டினா தெரஷ்கோவா பூமியை 48 முறை சுற்றிவிட்டு இறங்கினார். இயற்பியல் விதி அவரைத் தடுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து முதல் பெண் விண்ணுக்குப் போக 1983 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இருபதாண்டு இடைவெளி. இதை எந்தச் சமன்பாட்டில் போடுவது?

ஆக, புனைகதை எதிர்காலத்தைக் கற்பனை செய்தது என்பதைவிட, நிகழ்காலத்தில் கண்முன்னே நடந்துகொண்டிருந்த ஒன்றைப் பார்க்க மறுத்தது என்பதே சரி. ‘அந்தக் காலம் அப்படி’ என்ற வாக்கியம் இங்கே முதல் அடியை வாங்குகிறது. அந்தக் காலத்தின் கதைகள் அப்படி. காலம் அப்படி முழுக்க இருக்கவில்லை.

4

பெண்ணைக் கலத்திலிருந்து வெளியே தள்ளுவது ஒரு வழி. ஆய்வுக்கூடத்தில் நமக்கு வேண்டியபடி செய்துகொள்வது இன்னொன்று.

இந்த இரண்டாம் வழியின் அபாயத்தை இந்த வகையைத் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் நாவலே சொல்லிவிட்டது. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818-ல் ஆசிரியர் பெயரின்றி வெளியானது. அதில் விக்டர், தன் படைப்புக்குத் துணையாக ஒரு பெண்ணைச் செய்யத் தொடங்கிப் பாதியில் பிய்த்துப்போடுகிறான். அவனுடைய பயங்களை ஷெல்லி வரிசையாகத் தருகிறார். அவற்றில் முக்கியமான ஒன்று: ஆண் உயிரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இவள் சம்மதித்தவள் இல்லையே, இவளுக்கென்று ஒரு மனம் இருந்துவிட்டால்? பெண்ணுக்குச் சொந்த விருப்பம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவன் கையை நடுங்கவைக்கிறது.

நூற்றிருபதாண்டு கழித்து லெஸ்டர் டெல் ரே இந்தப் பயத்துக்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார். 1938 டிசம்பர் ‘அஸ்டவுண்டிங்’கில் வந்த ‘ஹெலன் ஓ’லாய்’. இரண்டு நண்பர்கள் ஓர் இயந்திரப் பெண்ணைச் செம்மைப்படுத்துகிறார்கள். உணர்ச்சி தரும் பாகங்களைச் சேர்க்கிறார்கள். அவள் தொடர்நாடகங்கள் பார்த்தும் காதல் கதை படித்தும் அன்பு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டு நண்பர்களில் ஒருவனைக் காதலிக்கிறாள், மணக்கிறாள், சமைக்கிறாள். கணவன் மூப்படையும்போது அவனுக்குத் தெரியாதபடி அவள் முகத்தில் சுருக்கங்கள் போடப்படுகின்றன. அவன் இறந்ததும் அமிலத்தால் தன்னைக் கரைத்துக்கொண்டு அவனோடு புதைக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறாள். உடன்கட்டைக்கு இங்கே நெருப்பு இல்லை, அமிலம். கதை இதை இலட்சிய இல்லறமாக, கண்ணீர் மல்கத்தான் சொல்கிறது.

இந்தக் கதையைத் தமிழில் மொழிபெயர்க்க உட்காருகிறவருக்கு முதல் வாக்கியத்திலேயே தகராறு வரும். நம் மொழியில் வினைமுற்றே திணையும் பாலும் காட்டிவிடும். ஹெலன் வந்தாளா, வந்ததா? இயந்திரம் அஃறிணை. எந்த இடத்தில் ‘அது’ ‘அவள்’ ஆகிறது? கதையில் மூளை வருவதற்கு முன்பே, முகம் வந்த உடனேயே ஆகிவிடுகிறது. இதன் மறுபக்கத்தையும் நாம் அறிவோம். பல ஊர்களின் பேச்சுத் தமிழில் ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’, ‘அது சொல்லுச்சு’ என்றுதான் சொல்கிறோம். ரத்தமும் சதையுமான பெண் அஃறிணை முடிவை ஏற்கிறாள், உலோகம் பெண்பாலுக்கு உயர்கிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் அவ்வளவு குறைவு.

இப்போது ஹெலனுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியை வைத்துப் பாருங்கள். சி.எல். மூர் எழுதிய ‘நோ உமன் பார்ன்’, அதே ‘அஸ்டவுண்டிங்’, 1944 டிசம்பர். டெய்ர்ட்ரி உலகப் புகழ்பெற்ற ஆடல்பாடல் கலைஞர். அரங்கில் நேர்ந்த தீவிபத்தில் உடல் போய்விடுகிறது. மூளையைக் காப்பாற்றி, பொன்னிற உலோக உடல் ஒன்றில் பொருத்துகிறார் மால்ட்ஸர் என்ற விஞ்ஞானி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வழவழப்பான ஒரு முகமூடி மட்டும். அவள் மறுபடி மேடையேற விரும்புகிறாள். மால்ட்ஸர் பதறுகிறார்: நீ இனிப் பெண் இல்லை, முழு மனுஷியே இல்லை, கூட்டம் உன்னைத் தாங்காது, உன்னால் தாங்கமுடியாது. அவள் கேட்கவில்லை. ஆடுகிறாள். அரங்கம் அவளை ஏற்றுக்கொள்கிறது. குற்றவுணர்வில் மால்ட்ஸர் ஜன்னலிலிருந்து குதிக்கப் போகும்போது, மனிதக் கண் பின்தொடர முடியாத வேகத்தில் பாய்ந்து தூக்கி உட்காரவைக்கிறாள். பிறகு சொல்கிறாள்: நான் குறைந்தவள் என்று நினைத்தீர்கள், நான் உங்களைவிடக் கூடுதலாகிவிட்டேன், அதுதான் எனக்குப் பயம். ஃபிராங்கன்ஸ்டைன் கதை தன் கதை இல்லை என்பதையும் அவளே சொல்கிறாள். அவள் செத்த சதையில் செய்யப்பட்டவள் இல்லை, ஏற்கெனவே இருந்தவள்.

இரண்டு கதைகளுக்கும் இடையில் ஆறே ஆண்டு. ஒரே பத்திரிகை. ஹெலனில் பெண்மை என்பது சேவைக்கான நிரல். டெய்ர்ட்ரியிடம் அது பயிற்சியால் வசப்பட்ட அசைவு, நடிப்பு, கலை; உடல் போன பிறகும் கைவசம் இருப்பது. பெண்மை இயற்கையா, நிகழ்த்துகையா என்று கோட்பாட்டாளர்கள் தொண்ணூறுகளில் பக்கம் பக்கமாக விவாதித்ததை மூர் ஒரு நெடுங்கதையில் 1944-லேயே மேடையேற்றிவிட்டார். கேம்ப்பெல்தான் அதையும் வெளியிட்டார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1948-ல் ஜூடித் மெரிலின் ‘தட் ஒன்லி எ மதர்’ கதையை வெளியிட்டவரும் அவரே: கதிர்வீச்சால் கைகால் இல்லாமல் பிறந்த குழந்தையின் குறையைப் பார்க்கவே மறுக்கும் ஒரு தாய், பார்த்துவிடும் தகப்பன். அணுகுண்டைப் பற்றி ஆண்கள் கோபுரத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தபோது மெரில் தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எழுதினார். கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. வருகிறேன்.

5

அதற்கு முன் சூசன் கால்வின். பெண்களே வேண்டாம் என்று கடிதம் எழுதிய பையன் வளர்ந்து, விஞ்ஞானப் புனைகதையின் மிகப் பிரபலமான பெண் விஞ்ஞானியைப் படைத்தது ஒரு சுவாரஸ்யமான முரண். ரோபோ உளவியலாளர் கால்வின் 1941 மே மாதக் கதையான ‘லையர்!’-இல் தோன்றுகிறார். கூட இருக்கும் ஆண்களைவிட அவருக்கு மூளை அதிகம்; அசிமோவுக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மூளைக்கு ஒரு விலை வைக்கிறார்: அழகில்லை, சிரிப்பில்லை, துணையில்லை.

‘லையர்!’ கதையில் ஹெர்பி என்ற ரோபோவுக்கு மனங்களைப் படிக்கும் ஆற்றல் தற்செயலாக வந்துவிடுகிறது. மனிதரைத் துன்புறுத்தக்கூடாது என்பது அதற்கு முதல் விதி. ஆகவே ஒவ்வொருவரிடமும் அவரவர் கேட்க விரும்பும் பொய்யைச் சொல்கிறது. சக விஞ்ஞானி போகர்ட்டிடம்: இயக்குநர் ராஜினாமா செய்துவிட்டார், அடுத்த இயக்குநர் நீங்கள்தான். கால்வினிடம்: நீங்கள் மனசுக்குள் விரும்பும் ஆஷ் உங்களைக் காதலிக்கிறார். ஆணின் இரகசிய ஆசை பதவி, பெண்ணின் இரகசிய ஆசை காதல். ரோபோ பொய் சொல்கிறது, ஆனால் ஆசைகளை இப்படிப் பங்கிட்டது ரோபோ இல்லை. கால்வின் உதட்டுச் சாயம் பூசத் தொடங்குகிறார். ஆண்கள் அதைக் கவனித்துப் பேசிக்கொள்கிறார்கள். உண்மை தெரிந்ததும், தீர்க்கமுடியாத முரண்பாடு ஒன்றை ஹெர்பியின் முன் வைத்து அதன் மூளையைச் சிதறடிக்கிறார். இந்த வகை இலக்கியத்தில் ஒரு பெண் தர்க்கத்தை ஆயுதமாக்கிக் கொல்லும் அபூர்வமான காட்சி. அவமானப்பட்ட காதலியின் பழிவாங்கலாக இல்லாவிட்டால் அந்தத் தர்க்கம் அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது என் கேள்வி.

இருந்தும், அறுபதுகளில் விஞ்ஞானம் படிக்கப்போன எத்தனையோ பெண்களுக்குக் கையில் கிடைத்தது கால்வின்தான். பட்டினி கிடந்தவர்கள் கஞ்சியைக் குறை சொல்லமாட்டார்கள். குறை சொல்லவேண்டியது பந்தி பரிமாறியவர்களை.

6

பந்தியில் வேறு இலைகளும் இருந்தன. அதில் ஒன்று நம் ஊரில் போடப்பட்டது. கெர்ன்ஸ்பேக்கின் பத்திரிகைக்கு 21 ஆண்டுகள் முன்னால், 1905-ல், சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய ‘தி இண்டியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் ‘சுல்தானாஸ் ட்ரீம்’ என்ற ஆங்கிலக் கதை வந்தது. எழுதியவர் வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன், 1880-ல் பிறந்தவர். பின்னாளில் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான பள்ளியை நடத்தியவர்.

கனவில் சுல்தானா காணும் பெண்நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் இருக்கிறார்கள். ஊரைப் பெண்கள் நடத்துகிறார்கள். ஏன் அப்படி என்பதற்குக் கதை வைக்கும் வரலாறு அற்புதமானது. பெண்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் வந்தன. ஒன்று மேகத்திலிருந்து நீரை இறக்கக் கற்றது, மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கக் கற்றது. ஆண்கள் ராணுவத்தைப் பெருக்கிக்கொண்டு இவற்றைக் கேலி செய்தார்கள். போரில் ஆண்கள் தோற்கும் தறுவாயில், பெண்கள் சேமித்துவைத்த வெயிலைப் பகைவர் படைமேல் திருப்பிவிட்டு ஜெயிக்கிறார்கள். பிறகு சமையலறை: புகை இல்லை, கரி இல்லை, சூரியச் சூட்டில் சமையல். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சமையலறையை 1905-லேயே ஒருத்தி தொட்டுவிட்டாள்! ஆண்கள் ஆபீசில் என்ன செய்கிறார்கள் என்பதற்கும் ரொக்கேயா கணக்கு வைத்திருக்கிறார்: ஒரு சுருட்டுக்கு அரைமணி நேரம், நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் புகையிலேயே போகிறது. ஈரமில்லாக் கணக்கு என்றால் இதுவல்லவா.

விமர்சனம் இல்லாமல் இல்லை. பெண்நாட்டை ஆள்பவர் ஒரு ராணி. அதிகாரம் மேலிருந்துதான் வருகிறது. அங்கே குழாயைப் பதித்தவர்கள் யார், யாருடைய உழைப்பில் அந்த ஓய்வு என்று கதை கேட்பதில்லை. தலைகீழாக்கினால் சுவர் இடம் மாறுகிறது, இடிவதில்லை. ஆனால் கதை குறி வைத்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன்: ஆண்களை உள்ளே பூட்டுவது அபத்தம் என்று சிரிக்கும் வாசகர் அந்தச் சிரிப்பின் நடுவிலேயே பிடிபடவேண்டும்.

பெண்கள் ஆளும் கிரகம் என்பது பின்னால் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு வாய்பாடாகவே ஆனது. ஆண்கள் வந்திறங்குவார்கள், ராணி மயங்குவாள், ஒழுங்கு திரும்பும். லெஸ்லி எஃப். ஸ்டோன் என்ற பெண் 1931-ல் ‘தி காங்க்வெஸ்ட் ஆஃப் கோலா’வில் அதே வாய்பாட்டை அந்தக் கிரகத்துப் பெண்ணின் வாயால் சொல்லவைத்தார். வந்திறங்கும் ஆண்கள் அவள் கண்ணுக்கு விநோதமான பிராணிகள், கடைசிவரை ஜெயிக்கவுமில்லை.

7

இப்போது விட்ட இடத்துக்கு வருவோம். எரிக் லீஃப் டேவின் என்ற ஆய்வாளர் பத்திரிகைகளைப் புரட்டி எண்ணிப்பார்த்து, 1926-க்கும் 1965-க்கும் இடையில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆங்கில விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள் என்று காட்டினார். ஆகவே பெண்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்பதே மிகை என்பது அவர் வாதம். எண்ணிக்கையை ஏற்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை. அச்சேறுவது ஒன்று, நினைவில் நிற்பது வேறு. பத்திரிகை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். தொகைநூல்தான் அலமாரியில் நிற்கும்.

1970-ல் அமெரிக்க விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர்கள் வாக்களித்து, ராபர்ட் சில்வர்பெர்க் தொகுத்த ‘சயன்ஸ் ஃபிக்ஷன் ஹால் ஆஃப் ஃபேம்’ முதல் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 26 கதைகள். ‘ஹெலன் ஓ’லாய்’ இருக்கிறது. ‘ஈரமில்லாக் கணக்கு’ இருக்கிறது. பெண் தன் பெயரில் தனியாக எழுதியதாக மெரிலின் கதை ஒன்றே ஒன்று. மூர் இருக்கிறார், ஆனால் கணவர் ஹென்றி கட்னரோடு சேர்ந்து எழுதிய கதையில், லூயிஸ் பாட்ஜெட் என்ற ஆண்பெயருக்குப் பின்னால். டெய்ர்ட்ரி இல்லை. சதி எதுவும் நடக்கவில்லை; அவரவர் தமக்குப் பிடித்ததற்கு வாக்களித்தார்கள். சதி தேவைப்படாத இடத்தில்தான் கருத்தியல் முழுபலத்தோடு இயங்குகிறது. சங்கத்தொகை படித்த நமக்குத் தொகுப்பவன் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

பெயர் விஷயமும் இதோடு சேர்ந்ததே. மூர் வங்கி வேலை போய்விடக்கூடாதே என்றுதான் முதலெழுத்துகளைப் பயன்படுத்தினார். பெண் என்பதை மறைக்க இல்லை. ஆனால் கட்னர் அவருக்கு எழுதிய முதல் கடிதமே ‘திருவாளர் மூர்’ என்று விளித்தது. எழுத்தில் பெயர் இரண்டு எழுத்தாகச் சுருங்கினால் மீதியை வாசகன் ஆணாக நிரப்பிக்கொள்கிறான். ஆலிஸ் ஷெல்டன், ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரை ஒரு மார்மலேட் புட்டியிலிருந்து எடுத்து எழுதத் தொடங்கினார். இந்த எழுத்தில் மறுக்கமுடியாத ஆண்மை இருக்கிறது என்று 1975-ல் முன்னுரை எழுதியவர் அதே சில்வர்பெர்க். இரண்டே ஆண்டில், 1977-ல், உண்மை வெளிவந்தது. எழுத்துக்குப் பால் உண்டு என்று முகர்ந்தே சொல்லிவிடுவோம் என்றிருந்த மூக்குகளுக்கெல்லாம் நல்ல பாடம். தமிழில் நிலைமை வேறாக இருந்தது: விஞ்ஞானக் கதையை வெகுஜனப்படுத்திய ரங்கராஜன், மனைவியின் பெயரான சுஜாதாவில் எழுதினார். அங்கே பெண் ஆணின் பெயருக்குள் ஒளியவேண்டியிருந்தது, இங்கே ஓர் ஆண் பெண்பெயரைச் சிரமமில்லாமல் உடுத்திக்கொள்ள முடிந்தது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஜோனா ரஸ் 1970-ல் விஞ்ஞானப் புனைகதையில் பெண்ணின் பிம்பம் பற்றி எழுதிய கட்டுரையில், பிம்பங்கள் இருக்கின்றன, பெண்கள்தான் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய கோபம் நியாயமானது, அந்தக் கோபத்திலிருந்துதான் ‘தி ஃபீமேல் மேன்’ பிறந்தது. ஆனால் ரஸ்ஸை மட்டும் படித்துவிட்டு அவருக்கு முன்னால் எல்லாம் பாலைவனம் என்று நாம் சொல்லத் தொடங்கினால் ஹாரிஸும் ஸ்டோனும் மூரும் இரண்டாவது தடவை காணாமல் போவார்கள். இந்த முறை நம் கையால்.

பழைய கதைகளைக் கொளுத்தச் சொல்லவில்லை. ‘ஈரமில்லாக் கணக்கு’ இன்னும் நூறாண்டு படிக்கப்படட்டும். யாராவது அதைத் தமிழில் கொண்டுவருவதாக இருந்தால் ஒன்றுதான் கேட்பேன்: அதே புத்தகத்தில் அடுத்த கதையாக டெய்ர்ட்ரியை வையுங்கள், அதற்கும் முன்னால், சென்னையில் அச்சாகி 120 ஆண்டுகள் கடந்துவிட்ட சுல்தானாவின் கனவை. மூன்றையும் வரிசையாகப் படித்துவிட்டு, “அந்தக் காலம் அப்படி” என்று ஒருவர் சொன்னால், எந்தக் காலம், யாருடைய காலம் என்று கேட்கலாம்.